பழவேற்காடு ஏரியில் பூதம் உண்டா?

கேள்வி: எனக்கு ஊர் மீஞ்சூர். மனைவிக்குப் பழவேற்காடு பக்கம் ஒரு குப்பம். போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘பழவேற்காடு ஏரியில் ராட்சத உயிரினம்’ என்று ஒரு வீடியோ வந்தது. கறுப்பாக நாலைந்து முதுகு வரிசையாக எழும்பி அமுங்குகிறது. நான் சிரித்துவிட்டேன். என் மாமனார் சிரிக்கவில்லை. “நானே பார்த்திருக்கேன்” என்கிறார். வாலிப வயதில் ஒருநாள் விடியற்காலை, முகத்துவாரத்துக்குக் கிட்டே, படகைவிட நீளமாக ஏதோ ஒன்று தண்ணீரை எதிர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றதாம். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லையாம். காலமெல்லாம் வலை போட்டவர், பொய் பேசுகிற ஆளில்லை. அந்த ஏரியில் அப்படி ஏதாவது இருக்க முடியுமா? பிள்ளைகள் லீவுக்குப் போனால் படகில் ஏற வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். என் மனைவி பயப்படுகிறாள். ஏற்றலாமா?
— ஒரு வாசகர், மீஞ்சூர்

பதில்: பூதம் கிடையாது. அதற்காக உங்கள் மாமனார் கதை விடுகிறார் என்றும் நான் சொல்லமாட்டேன். அவர் பார்த்தது நிஜமான ஒன்றைத்தான். அது உயிருள்ளதா என்பதுதான் கேள்வி.

முதலில் ஏரியைப் பார்ப்போம். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம்மிடம். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலை மறித்துக்கொண்டு கிடக்கிறது. பரப்பைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆழத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்: சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். கோடையில் பல இடங்களில் முழங்கால் தண்ணீர். தை மாதம் போனால் பூநாரைகள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஏரிக்குள்ளேயே கூட்டமாக இரை தேடுவதைப் பார்க்கலாம். காலை ஊன்றி நடந்துதான் தேடுகின்றன. பறவை நடந்து திரிகிற தண்ணீரில் படகைவிட நீளமான விலங்கு பகலெல்லாம் எங்கே ஒளியும்?

இதைவிட வலுவான சாட்சி வலைதான். பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக இருப்பது உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். கம்பு நட்டு, ஓட்டத்துக்குக் குறுக்கே கட்டும் சுத்து வலை. கடலிலிருந்து ஏரிக்கு ஏறுவதும், ஏரியிலிருந்து கடலுக்கு இறங்குவதும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். வெள்ளை இறால், மடவை, கொடுவா, நண்டு எல்லாம் அதில்தான் விழுகின்றன. இத்தனை காலமும் ராத்திரி ராத்திரியாக நடக்கும் ஒரு கணக்கெடுப்பு என்றே இதைச் சொல்வேன். பூதத்துக்குப் பசிக்கும், குட்டி போடும், கிழடாகிச் சாகும். ஒரு குட்டியோ ஒரு எலும்போ இவர்கள் வலையில் சிக்காமல் போயிருக்க வழியில்லை.

இனி மாமனார் பார்த்தது. அவர் சொன்னதில் மூன்று தகவல்கள் எனக்கு முக்கியம்: முகத்துவாரம், விடியற்காலை, ஒரே இடத்தில் நின்றது. ‘படகைவிட நீளம்’ என்பதைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள்.

முகத்துவாரத்தில் வத்தத்தின்போது, அதாவது நீர் இறங்கும் நேரத்தில், ஏரித் தண்ணீர் ஒரு குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். அதே நேரம் கடலலை உள்ளே வரப் பார்க்கும். எதிரே வரும் ஓட்டம் அலையின் வேகத்தைக் குறைக்கக் குறைக்க, அலைகள் நெருங்கி, உயரமாக எழும்பும். அலையின் வேகமும் ஓட்டத்தின் வேகமும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகும் இடத்தில் அலை முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது. அடியில் மணல்திட்டு இருந்தால் கேட்கவே வேண்டாம். திட்டுக்கு நேர் மேலே வரிசையாக மூன்று நான்கு மேடுகள் எழும்பி நிற்கும், சுற்றிலும் தண்ணீர் சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும். கிழக்கே பார்த்து நிற்பவருக்கு விடியல் வெளிச்சம் அலைக்குப் பின்னாலிருந்து வருகிறது. அதனால் நம்மைப் பார்த்த பக்கம் கன்னங்கரேல் என்று தெரியும், உச்சி மட்டும் மினுங்கும். ஈரமான முதுகு எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படியே. தண்ணீர்தான் அதைத் தாண்டி ஓடுகிறது. பார்ப்பவருக்கோ அது தண்ணீரை எதிர்த்து நீந்துவதாகத் தோன்றும். பழவேற்காட்டு முகத்துவாரம் மணலில் தூர்ந்துபோவதும், வாய் இடம் மாறுவதும் ஊரறிந்த விஷயம். ஏத்தம், அதாவது நீர் ஏறும் நேரம், வந்துவிட்டால் அலை மறையும், திட்டு நகர்ந்தால் இடமே மாறும். மறுநாள் ஒன்றுமில்லாமல் போனதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது சந்தேகம் பனைமரம். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆறு பெருகினால் மரமும் ஆகாயத்தாமரையும் மிதந்து வரும். நீர் ஊறிய பனை படுத்து மிதக்காது. வேர்ப்பக்கம் அடியில் மண்ணில் தட்டி நிற்க, மறுமுனை மட்டும் ஓட்டத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். எந்த மாதம் பார்த்தார் என்று கேளுங்கள். மழைக்காலம் என்றால் பனைக்கும் பாதி வாய்ப்புக் கொடுப்பேன். பங்குனி, சித்திரை என்றால் அலைதான்.

இப்போது நீளம். திறந்த நீர்ப்பரப்பில் மரமில்லை, வீடில்லை, பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒன்றுமில்லை. 50 அடித் தூரத்தில் இருக்கும் 4 அடிப் பொருளும், 100 அடித் தூரத்தில் இருக்கும் 8 அடிப் பொருளும் கண்ணுக்கு ஒரே அளவுதான். தூரத்தைத் தப்பாக எண்ணினால் நீளமும் கூடவே தப்பாகிவிடும். கடலில் பழகிய கண்ணுக்கும் அரை வெளிச்சத்தில் இது நடக்கும்.

வீடியோவுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு எழுந்தால், மூச்சுவிட வரும் ஓங்கில் கூட்டம். அவை வரிசையில் போகும்போது ஒரே நீளப் பாம்பாகத் தெரியும். எல்லா முதுகும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், உருளாமல் நகர்ந்தால் அது படகு கிளப்பிவிட்ட அலை. படகு கடந்துபோய் வெகுநேரம் கழித்துத்தான் அந்த அலை கரைக்கு வரும். அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. பழவேற்காட்டில் எடுத்தது என்பதற்கு அந்த வீடியோவில் ஒரு கரையோ கோபுரமோ படகின் எழுத்தோ தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால், எந்த நாட்டு வீடியோவுக்கும் எந்த ஊர்ப் பெயரையும் ஒட்டலாம்.

இப்படி ஆளை ஏய்க்கிற கூட்டம் ஏரியில் நிறைய உண்டு. பாம்புத்தாரா உடம்பை முழுக்கத் தண்ணீரில் அமுக்கிக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும். ஆழமில்லாத நீரில் மடவைக் கூட்டம் மிரண்டு ஓடினால், அடியில் பெரிதாக ஏதோ போவதுபோல மேலே நீர் கூம்பாகப் புடைக்கும். திருக்கையின் இரண்டு சிறகு நுனிகளும் மாறி மாறி மேலே வரும்போது இரண்டு தலை என்று சத்தியம் செய்யலாம். உச்சிவெயிலில் கானல் எழும்பினால் வலைக்கம்பு அந்தரத்தில் தொங்கும். ராத்திரியில் துடுப்புப் பட்ட இடமெல்லாம் நீலமாக மினுங்குவது நுண்ணுயிர்களின் வேலை. 2019 ஆகஸ்ட்டில் சென்னைக் கடற்கரையே அப்படி மினுங்கி ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. பழவேற்காட்டுக்கென்றே தனியாக ஒன்றும் இருக்கிறது: ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போவதில் கழன்று விழும் பாகங்கள் கடலில்தான் விழுகின்றன, மீனவர் வலையிலும் சிக்கியிருக்கின்றன. இருட்டில் அப்படி ஓர் உருளை மிதந்து வந்தால் நானும் அலறுவேன்.

இவையெல்லாம் ஏய்ப்பு; நிஜமாகப் பயப்பட வேண்டியது வலக்கடியன். கழிமுகங்களில் வாழும் கடற்பாம்பு, மீனோடு மீனாக வலையில் வரும். கடித்தால் பெரிதாக வலிக்காது, பிறகு உடம்பெல்லாம் தசைவலி, சிறுநீர் கறுக்கும். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது, கடற்பாம்புக்கு அல்ல. வலிக்கவில்லையே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல், பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும்.

பெரியவர்கள் சொல்லும் எல்லாவற்றையும் அலை, மரம் என்று தள்ளிவிடவும் முடியாது. வேளா மீன் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூக்கு நீண்டு இரண்டு பக்கமும் பல் வைத்த ரம்பம். சில இனங்கள் 6 மீட்டருக்கு மேலும் வளரும். கடலோடு நிற்காமல் கழிமுகத்துக்குள்ளும் ஏறி வரும். அந்த ரம்பமே வலையில் மாட்டிக்கொள்வதால் அழிந்துகொண்டே வந்து, இன்று கண்ணில் படுவதே அபூர்வம். 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான பாதுகாப்பு. தாத்தா பார்த்த ராட்சத மீனைப் பேரன் பார்க்கவில்லை என்றால், தாத்தா புளுகினார் என்று ஆகாது. இடையில் மீன் தீர்ந்துபோயிருக்கலாம்.

இன்னொன்று, நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. வண்டலூர், நெடுங்குன்றம் பகுதி ஏரிகளில் முதலை இருக்கிறது என்று அங்கே குடியிருப்பவர்கள் சொன்னபோது நகரத்தில் பலர் நம்பவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில், பெருங்களத்தூர் பக்கம் நடுரோட்டில் ஒரு முதலை நிதானமாகக் கடந்துபோனது. கார்க்காரர் கேமராவில் பதிவானது. வனத்துறையும் அந்தப் பகுதி நீர்நிலைகளில் முதலைகள் இருப்பதை ஒப்புக்கொண்டது.

இலங்கையின் மட்டக்களப்பு வாவியில் நிலாக் காலத்தில் மீன் பாடுகிறது என்பார்கள். 1848-இல் அங்கே போன பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டெனென்ட், தண்ணீருக்கடியிலிருந்து வந்த அந்த ஓசையைத் தானே கேட்டதாக எழுதியிருக்கிறார். எது பாடுகிறது என்று கேட்டதற்கு மீனவர்கள் பேயையோ தேவதையையோ காட்டவில்லை; தண்ணீரிலிருந்து ஊரிச் சிப்பியை எடுத்துக் காட்டினார்கள். ஊரியா, கத்தாளைபோலச் சத்தம் போடும் மீனா என்பது வேறு விவாதம். தண்ணீரில் பிழைப்பவர் முதலில் தேடுவது பொருளைத்தான் என்பதற்காகச் சொன்னேன்.

பூதம் வளர்ந்தது பத்திரிகை படித்தவர்களிடம். ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரிக் கதை உலகத்துக்குப் பரவியது 1933-இல். ஆழம் 230 மீட்டர், கறுத்த தண்ணீர். அங்கே கதைக்கு இடமிருந்தது. அந்த வருஷமே ஒரு வேட்டைக்காரர் கரையில் பூதத்தின் காலடியைக் கண்டுபிடித்தார். லண்டன் அருங்காட்சியகத்தில் சோதித்தார்கள்: பாடம் பண்ணிய நீர்யானைக் கால். 1934-இல் ‘டெய்லி மெயில்’ வெளியிட்ட, கழுத்தை நீட்டிய அந்தப் புகழ்பெற்ற படமும் பொம்மை நீர்மூழ்கிக் கப்பலில் தலை ஒட்டி எடுத்தது என்று 1994-இல் வெளிவந்தது. 2019-இல் நியூசிலாந்து விஞ்ஞானி நீல் கெம்மெல் குழு ஏரித் தண்ணீரில் கரைந்திருக்கும் மரபணுக்களை ஆராய்ந்து முடிவைச் சொன்னது. ஊர்வன எதுவும் இல்லை, விலாங்கு மட்டும் ஏராளம்.

கடைசியாகப் படகு. உங்கள் மனைவி பயப்படுவது நியாயம், காரணம்தான் வேறு. மாமனார் பார்த்த அலையை நான் விவரித்தேனே, ஓட்டமும் கடலும் மோதும் அந்த இடம், படகைக் கவிழ்க்கக்கூடியது. 2011 டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஆனாலும் கூப்பிட்டு ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். மாமனார் வீட்டுப் படகே ஆனாலும், லைஃப் ஜாக்கெட் போட்டு, தாத்தா கூடவே இருந்து, இடுப்பளவு தண்ணீருள்ள ஏரிப்பக்கம் மட்டும் போய்வரட்டும். வத்தம் ஓடும் நேரத்தில் முகத்துவாரப் பக்கம் வேண்டவே வேண்டாம். வத்தம் எப்போது என்று உங்கள் மாமனாருக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரியும்.