கம்பியின்றிக் கைகோக்கும் கருவிகள்



பெக்கான் நானாஸ் என்னும் பெயரைக் கேட்டதும் எவர்க்கும் அன்னாசிப் பழமே நினைவுக்கு வரும். ‘பெக்கான்’ என்றால் சிறு நகரம்; ‘நானாஸ்’ என்றால் அன்னாசி. இவ்வூரின் அன்னாசித் தோட்டங்களில் செடிகள் வரிசை வரிசையாக நடப்பட்டிருப்பதை நீங்கள் பன்முறை கண்டிருப்பீர்கள். அவ்வரிசைகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இன்றைய பாடத்தில் அவை நமக்குப் பயன்படும்.

முன்னாளில் கணினியின் பின்புறத்தை எட்டிப் பார்த்தால் கம்பிகள் காட்டுக்கொடிபோல் பின்னிக் கிடக்கும். விசைப்பலகைக்கு ஒரு கம்பி, சுட்டிக்கு ஒரு கம்பி, ஒலிபெருக்கிக்கு ஒரு கம்பி, அச்சுப்பொறிக்கு ஒரு கம்பி. இன்றோ இவற்றுள் பலவற்றைக் கம்பியின்றியே கணினியோடு இணைத்துவிடலாம். இவ்வாறு அருகருகே உள்ள கருவிகளை இணைக்கும் குறுந்தொலைவுத் தொடர்பு முறைகளுள் மிகுதியாக வழங்குவது ‘புளூடூத்’ ஆகும். அது இயங்கும் விதம் யாது, அதனைக் கொண்டு கருவிகளை இணைப்பது எங்ஙனம், இணைக்கும்போது எதில் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் காண்போம். இம்மூன்றனுள் இறுதியானதே தலையாயது. அதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். அதனையும் மறைக்காமல் கூறுவேன்.

அலைகளின் கதை

வானொலி அலைகள் கண்ணுக்குப் புலப்படா. ஆயினும் அவை சுவரையும் கதவையும் ஊடுருவிச் செல்ல வல்லவை. இவ்வுண்மையைக் கல்கத்தா மாநகரில் 1895-ஆம் ஆண்டில் மக்கள் முன்னிலையில் மெய்ப்பித்துக் காட்டியவர் அறிவியல் மேதை சகதீச சந்திர போஸ் ஆவார். அவர் ஓரிடத்தில் எழுப்பிய அலைகள் இடைச்சுவர்களைக் கடந்து சென்று, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தன, வெடிமருந்தையும் பற்றவைத்தன. கூடியிருந்தோர் வியப்பில் ஆழ்ந்தனர்.

பின்னர் வானொலி நெடுந்தொலைவு செல்லும் கலையைக் கற்றது. 1901-ஆம் ஆண்டில் மார்க்கோனியின் செய்தி அட்லாண்டிக் பெருங்கடலையே தாண்டியது. ஆனால் மேசைமேல் அருகருகே இருக்கும் இரு கருவிகள் பேசிக்கொள்ளக் கடல் தாண்டும் ஆற்றல் எதற்கு? அடுத்த வீட்டாரோடு பேச ஒலிபெருக்கி வேண்டுமா? மெல்லப் பேசினால் போதுமன்றோ! குறைந்த மின்னாற்றலில் சிறிது தொலைவுக்கு மட்டும் பேசும் முறை ஒன்றினைச் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தில் பணிபுரிந்த யாப் ஹார்ட்சன் என்னும் டச்சுப் பொறியாளர் 1994-ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கினார்.

பெயர் வந்த காரணம்

புளூடூத் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘நீலப்பல்’ என்பது பொருள். கருவிக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நகைக்கலாம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் மன்னருக்கு அப்படியொரு பட்டப்பெயர் இருந்தது. பிரிந்து கிடந்த மக்களை ஒன்றிணைத்தவர் என்று வரலாறு அவரைப் போற்றுகின்றது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கருவிகளை ஒன்றிணைக்கும் முறைக்கு அவர் பெயரையே சூட்டலாம் என்று 1997-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் ஜிம் கார்டாக் என்பவர் கூறினார். தற்காலிகமாக இட்ட பெயரே நிலைத்துவிட்டது. அம்மன்னரின் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பழைய வட ஐரோப்பிய எழுத்துமுறையில் எழுதி ஒன்றாய்ப் பிணைத்ததே நாம் இன்று காணும் நீலச் சின்னம். எரிக்சன், ஐ.பி.எம்., இன்டெல், நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998-ஆம் ஆண்டில் கூட்டாகச் சேர்ந்தன. மறு ஆண்டிலேயே முதல் விதிமுறை வெளியாயிற்று.

இயங்கும் விதம்

புளூடூத் அலை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்கின்றது. இதே அலைப்பகுதியில்தான் வைஃபையும் உலவுகின்றது. நுண்ணலை அடுப்பும் வேலை செய்கின்றது. இத்துணைப் பேர் ஒரே சந்தையில் கூவினால் யார் சொல் யாருக்குக் கேட்கும்?

இங்குதான் அன்னாசி வரிசைகளை நினைவுகூர வேண்டும். ஒரு தோட்டத்தில் 79 வரிசைகள் உள்ளன எனக் கொள்வோம். நீயும் உன் தோழனும் கடிதம் பரிமாற விரும்புகின்றீர்கள். முதற்கடிதம் 5-ஆம் வரிசையில், அடுத்தது 62-இல், அதற்கடுத்தது 17-இல் என்று இருவரும் முன்னரே ஓர் ஒழுங்கினைப் பேசி வைத்துக்கொள்கின்றீர்கள். ஏதேனும் ஒரு வரிசையில் வேறொருவர் நின்றாலும் ஒரு கடிதம்தான் தடைப்படும். அதனை மீண்டும் அனுப்பிக்கொள்ளலாம். ஒழுங்கினை அறியாதவரோ எந்த வரிசையில் எப்போது காத்திருப்பது என்று தெரியாமல் திகைப்பார். தொன்மையான புளூடூத் முறையும் இத்தகையதே. அது 79 அலைவழிகளுள் நொடிக்கு 1,600 முறை தாவித் தாவிச் செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக அனுப்புகின்றது. 2010-ஆம் ஆண்டில் வந்த மின்சிக்கனப் புளூடூத் முறை 40 அலைவழிகளைப் பயன்படுத்துகின்றது.

இவ்வாறு தாவும் எண்ணம் மிகவும் பழையது. இரண்டாம் உலகப் போரின்போது ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகையும் ஜார்ஜ் ஆந்தைல் என்னும் இசையமைப்பாளரும் இத்தகைய முறை ஒன்றுக்கு 1942-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றனர். பியானோவின் 88 கட்டைகளைப்போல் 88 அலைவழிகளில் தாவுவது அவர்கள் திட்டம். அறிவு எவரிடமும் மலரும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

நாம் அன்றாடம் கையாளும் கருவிகளுக்குச் சுமார் 10 மீட்டர் தொலைவு தடையின்றிக் கிட்டும். மனித உடல் இவ்வலைகளை ஓரளவு விழுங்கிவிடும். ஆதலால்தான் கைப்பேசியைக் காற்சட்டையின் பின்பையில் வைத்துத் திரும்பி நின்றால் ஒலி விட்டு விட்டுக் கேட்கின்றது. இன்னொரு நன்மையும் உண்டு. இத்தொடர்புக்கு இணையம் தேவையில்லை. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டால் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில், இணையத்திற்குப் பணம் கட்ட இயலாமல் தவித்த குடும்பங்களை நான் அறிவேன். ஒரு கைப்பேசியில் உள்ள பாடத்தாளைப் பக்கத்து வீட்டுக் கைப்பேசிக்குப் புளூடூத் வழியே காசின்றி அனுப்பலாம். பெரிய ஒளிப்படக் காட்சிகளுக்கு மட்டும் நேரம் மிகும்.

இணைக்கும் முறை

1. கணினியில் புளூடூத் வசதி உண்டா என முதலில் பார்த்தல் வேண்டும். பழைய மேசைக் கணினியில் இல்லாதிருக்கலாம். அவ்வாறாயின், கணினித் துளையில் செருகும் சிறு துணைக்கருவியை வாங்கிப் பொருத்தலாம்.

2. கணினியின் அமைப்புகள் பகுதியில் புளூடூத்தை இயக்கி வைத்தல் வேண்டும்.

3. இணைக்க விரும்பும் ஒலிபெருக்கி அல்லது விசைப்பலகையின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தல் வேண்டும். விளக்கு மின்னத் தொடங்கினால், ‘என்னோடு இணைய யாரேனும் உண்டா?’ என்று அது அழைப்பதாகப் பொருள். தோட்டப் பிரட்டுக் களத்தில் காலையில் பெயர் அழைப்பதைப் போன்றது இது.

4. கணினியில் ‘கருவியைச் சேர்’ என்பதை அழுத்தினால், அருகிலுள்ள கருவிகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். வேண்டியதனைத் தெரிவு செய்தல் வேண்டும்.

5. திரையுள்ள இரு கருவிகளை இணைக்கும்போது, இரண்டு திரைகளிலும் ஆறிலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டும் ஒன்றே எனக் கண்ணால் கண்ட பின்னரே ‘சரி’ என்பதை அழுத்தல் வேண்டும்.

6. இணைந்த கருவிகள் தமக்குள் ஒரு மறைசாவியைச் சேமித்துக்கொள்கின்றன. ஆதலால் அடுத்த முறை எண் கேளாமலேயே அவை ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

இணைப்புக் கிட்டாவிடில் மனம் சோர வேண்டா. மின்கலத்தில் மின்சாரம் உள்ளதா, அக்கருவி ஏற்கெனவே வேறொரு கைப்பேசியோடு இணைந்துள்ளதா என்று பாருங்கள். பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நான் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், பெற்றோர் கூட்டம் நடைபெற்ற மாலையது. உதவிநிதிக்கு விண்ணப்பித்த மாணவர்களின் பட்டியல் என் மடிக்கணினியில் இருந்தது. மாணவர் பெயர், அடையாள எண், பெற்றோரின் மாத வருமானம் ஆகிய யாவும் அதில் அடங்கியிருந்தன. உடன் பணிபுரிந்த ஆசிரியர் ஒருவரின் கைப்பேசிக்கு அதனைப் புளூடூத் வழியே அனுப்ப முற்பட்டேன். திரையில் ஒரே பெயருடன் இரண்டு கைப்பேசிகள் தோன்றின. இரண்டும் ஒரே வகை. கடையில் வாங்கியபோது இருந்த பெயர் மாற்றப்படாதவை. முதலில் இருந்ததை அழுத்தினேன். ஆறிலக்க எண் வந்தது. ‘சரி’ என்றேன். பட்டியலும் சென்றது.

ஆனால் ஆசிரியரின் கைப்பேசிக்கு ஒன்றும் வரவில்லை!

சற்று நேரத்தில் பெற்றோர் ஒருவர் எழுந்து வந்து, “ஐயா, என் கைப்பேசிக்கு ஏதோ ஒரு தாள் வந்திருக்கிறது. என் மகன் பாடம் அனுப்பினான் என்று நினைத்து ஏற்றுக்கொண்டேன். பார்த்தால் பள்ளிக் கணக்குப்போல் தெரிகிறது. மேற்கொண்டு படிக்கவில்லை” என்றார். என் கண்முன்னேயே அதனை அழித்துக் காட்டினார். அன்னாரின் நேர்மை என்னைக் காத்தது. வேறொருவராயின் என்னாகியிருக்கும்? எந்த வீட்டில் எவ்வளவு வருமானம் என்பது தோட்டம் முழுதும் பேச்சாகியிருக்கும். வறுமையைக் காட்டிலும் அதனைப் பிறர் அறிந்து பேசுவதே பிள்ளைகளின் உள்ளத்தைப் புண்படுத்தும்.

பிழை எங்கே நேர்ந்தது? கருவி சரியாகவே வேலை செய்தது. என் திரையில் தோன்றிய எண்ணும் அப்பெற்றோரின் திரையில் தோன்றிய எண்ணும் ஒன்றாகவே இருந்திருக்கும். ஆனால் நான் பார்க்க வேண்டியது ஆசிரியரின் திரையை அன்றோ! அவர் கைப்பேசியை ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால், அதில் எண்ணே தோன்றவில்லை என்பது விளங்கியிருக்கும். எண் எதற்காகக் காட்டப்படுகின்றது என்று எண்ணாமல் ‘சரி’ என்று அழுத்தியது என் குற்றம். மறுநாளே பெற்றோர் சங்கத்தாரிடம் நடந்ததைக் கூறி வருத்தம் தெரிவித்தேன்.

திருவள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்து ‘நட்பாராய்தல்’ என்று ஓர் அதிகாரத்தையே வைத்துள்ளார். நட்புக் கொள்ளுமுன் ஆராய வேண்டும் என்பது அதன் கருத்து. கருவிகளின் நட்புக்கும் இது பொருந்தும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

• கணினிக்கும் கைப்பேசிக்கும் எளிதில் அடையாளம் காணத்தக்க பெயரிடுக. உங்கள் முழுப்பெயரையோ வீட்டு முகவரியையோ பெயராக இடவேண்டா.

• எண்ணை இரு திரைகளிலும் பார்த்த பின்னரே ‘சரி’ என்க.

• நீங்கள் கேளாத இணைப்பு வேண்டுகோள் வந்தால் மறுத்துவிடுக.

• பிறர் விவரம் அடங்கிய தாள்களைக் கூட்டமுள்ள இடத்தில் அனுப்புதல் கூடாது.

• பழைய கருவியைப் பிறருக்குக் கொடுக்குமுன் சேமித்த இணைப்புகளை நீக்குக.

• கருவியின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்க. 2017-ஆம் ஆண்டில் ‘புளூபோர்ன்’ என்னும் பெயரில் சில குறைகள் வெளிப்படுத்தப்பட்டன. இணை சேர்க்காமலேயே அயலார் கருவிக்குள் நுழைய அவை வழிவிட்டன. புதுப்பித்த கருவிகளே அதினின்று தப்பின.

சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று வரும் பெற்றோர் சிலர் ‘டிரேஸ் டுகெதர்’ என்பதனை நன்கு அறிவர். பெருந்தொற்றுக் காலத்தில், யார் யாருக்கு அருகில் இருந்தார் என்பதைப் புளூடூத் அலையின் வலிமையைக் கொண்டு குறித்துவைத்த முறை அது. 2020 மார்ச்சில் தொடங்கியது. நோய்த்தடுப்புக்கெனத் திரட்டிய அவ்விவரத்தைக் குற்றப் புலனாய்வுக்காகக் காவல்துறையும் பெற இயலும் என்பது 2021 சனவரியில் தெரியவந்தபோது மக்களிடையே கேள்வி எழுந்தது. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அவ்விவரத்தைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் வரையறுக்கப்பட்டது. ஒரு நாட்டின் அரசும் சரி, ஒரு சிறு பள்ளியின் தலைமையாசிரியரும் சரி, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட விவரத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் கண்ணுங் கருத்துமாய் இருத்தல் வேண்டும்.

மாணவர்களே! கம்பி இருந்த காலத்தில் அது எங்கே சென்று முடிகின்றது என்று கண்ணால் தொடர்ந்து பார்த்துவிடலாம். கம்பி மறைந்த இக்காலத்தில் அந்தப் பார்வையை நாமே வலிந்து செலுத்த வேண்டியுள்ளது. பார்த்து இணையுங்கள், பயன்பெறுங்கள்.

பயிற்சி

1. புளூடூத் என்னும் பெயர் வந்த காரணத்தை இரண்டு வரிகளில் எழுதுக.

2. அலைவழி தாவுதலை அன்னாசி வரிசை எடுத்துக்காட்டின்றி, வேறோர் எடுத்துக்காட்டால் விளக்குக.

3. ஒலிபெருக்கியைத் திடலில் வைத்துக் கைப்பேசியுடன் இணைத்து, எத்தனை அடி சென்றதும் ஒலி தடைப்படுகிறது என அளந்து பார்க்க. இடையில் ஒரு சுவர் இருந்தால் அவ்வளவு எப்படி மாறுகிறது? ஆசிரியர் முன்னிலையில் செய்து குறித்து வருக.

4. கட்டுரையாசிரியர் எந்தத் திரையைப் பார்க்கத் தவறினார்? நீ அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்?