பைக்குள் அடங்கும் ஆர்கேட் கன்ட்ரோலர்

கேள்வி: 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' ஆட ஓர் ஆர்கேட் கன்ட்ரோலரை நானே செய்ய ஆசை. லேப்டாப் பையிலேயே வைத்து எடுத்துப்போக வேண்டும். சால்டரிங் ஓரளவு தெரியும். எதிலிருந்து தொடங்கலாம், சார்?

பதில்: வயரிங்கை நினைத்துத் தயங்காதீர்கள், அது சுலபம். முதலில் முடிவுசெய்ய வேண்டியது லீவர் வேண்டுமா என்பதை. பெட்டியின் தடிமன் அதைப் பொறுத்தே அமையும். பலரும் வாங்கும் சான்வா ஜேஎல்எஃப் லீவர் மேல்தகட்டுக்கு அடியில் பல சென்டிமீட்டர் இறங்கும். தண்டை மட்டும் கழற்றி மாட்டும் வசதி உண்டு என்றாலும் அடியில் உள்ள ஆழம் குறையாது.

பையில் போகவேண்டுமென்றால், திசைகளுக்கும் பட்டன் வைக்கும் லீவரில்லாத வகைதான் என் தேர்வு. இடது, கீழ், வலது மூன்றும் இடக்கை விரல்களுக்கு. குதிக்கும் பட்டன் கட்டைவிரலுக்கு. கை பழகச் சில வாரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கல் கீபோர்டுக்கான தட்டை சுவிட்சுகளைப் போட்டால் பெட்டி ஒரு நோட்டுப் புத்தகத்தின் தடிமனுக்கு வந்துவிடும். ஆர்கேட் பட்டன்தான் பிடிக்கும் என்றால் 24 மி.மீ. அளவை வாங்குங்கள். அழுத்தி மாட்டும் வகை 3 மி.மீ. அக்ரிலிக்கில் நன்றாகப் பிடிக்கும். தடித்த எம்டிஎஃப் பலகையில் பிடிக்காது, அதற்கு மரை போட்ட வகை வேண்டும்.

ஓட்டை போடுமுன் உண்மையான அளவிலேயே அட்டையில் வரைந்து, அதில் விரல்களை வைத்துப் பாருங்கள். கடைசியில் வரும் மணிக்கட்டு வலிக்குப் பெரும்பாலும் இந்த ஒன்றைத் தவிர்த்ததே காரணம்.

போர்டுக்கு ராஸ்ப்பெரி பை பீக்கோ போதும். அதன் பூட்செல் பட்டனை அழுத்தியபடி கணினியில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் ஜிபி2040-சிஇ ஃபர்ம்வேரை அதில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு சுவிட்சின் ஒரு காலையும் வரிசையாகக் கோத்து கிரவுண்டில் சேருங்கள், மறு காலைத் தனித்தனிப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். ரெசிஸ்டர் தேவையில்லை. ஆனால் 5 வோல்ட் எந்தப் பின்னிலும் பட்டுவிடக் கூடாது, அவை 3.3 வோல்ட்டுக்கானவை. ஆர்கேட் பட்டனென்றால் 2.8 மி.மீ. லக் பயன்படுத்துங்கள். சால்டர் செய்யாமலே செருகலாம், பழுதானால் மாற்றுவதும் எளிது.

லீவரில் இடதும் வலதும் ஒருசேர விழாது, பட்டனில் விழும். அப்போது இரண்டும் ரத்தாகும்படி ஃபர்ம்வேரில் அமைத்துவிடுங்கள். போட்டிக்குப் போனால் இதற்கென விதி உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் போர்டு கணினியிலும் நின்டெண்டோ ஸ்விட்ச்சிலும் நேராக வேலை செய்யும். பிளேஸ்டேஷன் 5 உரிமம் பெற்ற கன்ட்ரோலரா என்று சோதிக்கும், அங்கே இது மட்டும் போதாது.

பையில் போய்வரும் பொருளில் முதலில் பெயர்ந்து வருவது பீக்கோவின் மைக்ரோ யூஎஸ்பி வாய்தான். கேபிளை அதில் நேரடியாகச் செருகிவைக்காதீர்கள். பெட்டியின் சுவரில் திருகிப் பொருத்தும் டைப்-சி சாக்கெட் வைத்து, உள்ளே சிறு கேபிளால் இணைத்து, அதை கேபிள் டையால் கட்டிவிடுங்கள்.