எந்த நரம்பு, எந்த வழி?

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்கு ஆறு மாதமாக இரண்டு உள்ளங்காலும் எரிகிறது, ராத்திரியில் அதிகம். போன வாரம் ஒரு கால் செருப்பு கழன்று போனதே தெரியாமல் வாசல்வரை நடந்து வந்துவிட்டார். கைரோபிராக்டிக் நிலையத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முதுகெலும்பு வரிசை தப்பியிருக்கிறது, அதுதான் நரம்பு மண்டலத்தை அமுக்குகிறது, 24 சிட்டிங் வந்தால் சரியாகும் என்றார்களாம். பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். ஒரு வார்த்தையில் ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ பிசியோதெரபி படிக்கப் போகிறவள். நாளைக்கு இதே கேள்வியோடு உன் முன்னால் யாராவது வந்து உட்காருவார்கள். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நம் பேச்சிலேயே இருக்கும் ஒரு குழப்பம். ஊசி போட வரும் நர்ஸ் “நரம்பே கிடைக்கலை” என்பது ரத்தக்குழாயை. குதிகால் நரம்பு என்று நாம் சொல்வது தசைநாணை. வீணையில் கட்டினாலும் நரம்புதான். மூளையிலிருந்து செய்தி கொண்டு போய்க் கொண்டு வருவதும் நரம்புதான். நாலுக்கும் ஒரே பெயர் இருப்பதால், “உங்களுக்கு நரம்புல பிரச்சினை” என்று யாராவது சொன்னதும் எல்லாம் விளங்கிவிட்டது போலத் தலையாட்டிவிடுகிறோம். யார் நரம்பு என்றாலும் நீ இரண்டு கேள்வி கேள்: எந்த நரம்பு? அது எந்த வழியாகப் போகிறது?

அனுமாருக்குச் சாத்தும் வடைமாலையை நினைத்துக்கொள். முதுகெலும்பும் அப்படித்தான். நடுவில் ஓட்டை உள்ள எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அந்த ஓட்டைகள் சேர்ந்த குழாய்க்குள் தண்டுவடம் இறங்குகிறது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை போல இருப்பதைத்தான் நோயாளிகள் “ஜவ்வு” என்பார்கள். தலையைக் குனிந்து பின்கழுத்தைத் தடவிப் பார், சட்டைக் காலர் முடியும் இடத்தில் ஒரு எலும்பு துருத்தும். பெரும்பாலோருக்கு அது கழுத்தின் ஏழாவது எலும்பு. தண்டுவடம் அடிமுதுகுவரை வருவதில்லை, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் போல வேர்க்கற்றை மட்டும் தொங்கும். தண்டுவடத்திலிருந்து மொத்தம் 31 ஜோடி நரம்புகள் இரண்டு பக்கமும் கிளம்பி உடம்பெங்கும் போகின்றன.

ஆகவே முதுகெலும்புக்கும் நரம்புக்கும் தொடர்பு உண்டு என்பது சத்தியமான பேச்சு. கைரோபிராக்டிக் அந்த உண்மையில்தான் காலை ஊன்றி நிற்கிறது. அங்கிருந்து எவ்வளவு தூரம் தாவுகிறது என்பதைத்தான் நீ பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரம், 1895 செப்டம்பர் 18. டேனியல் டேவிட் பால்மர் என்பவர் காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டுக்குப் பல வருஷமாகக் காது கேட்காது. குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ விட்டுப்போனது போல இருந்தது, அதிலிருந்துதான் காது போனது என்று அவர் சொன்னாராம். பால்மர் அவர் முதுகைத் தடவி, துருத்திய ஒரு எலும்பை அழுத்தினார். காது கேட்டது என்கிறார் பால்மர். கையால் செய்வது என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்த முறைக்குப் பெயர் வைத்தார்கள். 1910இல் வந்த தன் புத்தகத்தில், நோய்களில் நூற்றுக்கு 95 விலகிய முதுகெலும்பால் வருபவை என்று பால்மர் எழுதிவிட்டார். அந்த விலகலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘சப்லக்சேஷன்’.

இப்போது உன் கேள்வியைக் கேள். காது கேட்கும் நரம்பு எந்த வழியாகப் போகிறது? உட்காதிலிருந்து மண்டையோட்டு எலும்புக்குள் இருக்கும் சின்னச் சுரங்கத்தின் வழியே நேராக மூளைத்தண்டுக்குப் போகிறது. முதுகெலும்புக்குள் அது இறங்குவதே இல்லை. லில்லார்டுக்கு அன்று என்ன நடந்தது என்று இனி யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது. ஆனால் முதுகில் அழுத்தியதால் காது நரம்பு விடுபட்டது என்ற விளக்கம் உடற்கூற்றியல் பாடத்தின் முன்னால் நிற்காது.

1973இல் யேல் பல்கலைக்கழக உடற்கூற்றியலாளர் எட்மண்ட் கிரெலின், விலகிய எலும்பு நரம்பை அமுக்குமா என்பதை நேரடியாகவே சோதித்தார். இறந்தவர்களின் முதுகெலும்பை எடுத்து, கருவியில் பொருத்தி, முறுக்கியும் வளைத்தும் பார்த்தார். முதுகெலும்பு உடையும் அளவுக்கு விசை கொடுத்தும்கூட எலும்பு நரம்பில் போய் இடிக்கவில்லை. பிரிட்டனில் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் பொதுக் கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010இல், சப்லக்சேஷன் நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை, அது பழைய காலத்துக் கருத்து என்று அறிவித்தது. வேறு யாரோ சொன்னால் தொழில் போட்டி எனலாம். இது அவர்கள் வீட்டுக்குள்ளிருந்தே வந்த பேச்சு.

அதற்காகக் கைவைத்தியம் எல்லாம் பொய் என்று நினைத்துவிடாதே. நானும் முப்பது வருஷம் கையால்தான் பிழைத்தேன். சாதாரண இடுப்புவலிக்கு, உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்தால், மூட்டை அசைத்துக் கொடுப்பது ஓரளவு வலியைக் குறைக்கிறது. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எலும்பு பழைய இடத்துக்குப் போய் உட்காருவதால் அந்த சுகம் வருவதில்லை. இறுகிய தசை இளகுகிறது, வலியை மூளை எடுத்துக்கொள்ளும் விதம் சற்று நேரம் மாறுகிறது, அசையப் பயந்தவருக்குத் தைரியம் வருகிறது.

அந்த ‘கடக்’ சத்தம்தான் எல்லாரையும் மயக்குகிறது. உன் விரலை இழுத்துச் சொடக்கு எடு. உடனே அதே விரலில் மறுபடி எடுத்துப் பார், வராது. இருபது நிமிஷம் கழித்தால் வரும். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக்குழி உண்டாகிறது, மறுபடி உண்டாகக் கொஞ்ச நேரம் வேண்டும். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் விரல் சொடுக்குவதை எம்.ஆர்.ஐ.யில் படம்பிடித்தே காட்டினார்கள். உன் விரலில் எதுவும் விலகியிருக்கவில்லை, ஆனாலும் சத்தம் வந்ததே!

கழுத்து விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். கழுத்தெலும்புகளில் மேலேயுள்ள ஆறின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் ஏறுகிறது. கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனால் தானாகவே ஆறக்கூடிய கழுத்துப் பிடிப்புக்கு அந்த விலை எதற்கு? உன் தம்பி சலூனில் முடிவெட்டி முடித்ததும் கழுத்தைக் கொடுத்துவிட்டு உட்காருகிறானாமே, அவனிடமும் சொல்.

இனி அப்பா. இடுப்பு ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால் வலி பெரும்பாலும் ஒரு பக்கமாக, ஒரு கோடு போல, பிட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதத்துக்கு இறங்கும். அப்பாவுக்கு அப்படி இல்லையே. இரண்டு பாதமும் ஒன்றுபோல எரிகின்றன, சாக்ஸ் போட்ட இடம் மாதிரி. முதுகெலும்பு வரிசை தப்பியதுதான் காரணம் என்றால், இடையில் உள்ள தொடையையும் முழங்காலையும் விட்டுவிட்டு அது இரண்டு உள்ளங்காலை மட்டும் தேடிப் பிடித்தது எப்படி? எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு, நரம்பு அதில் தெரியவே தெரியாது.

அடிமுதுகிலிருந்து பாதம்வரை போகும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். உடம்பில் நீளமான இழைகளைத்தான் சர்க்கரை முதலில் கெடுக்கிறது. அப்பாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை, மாத்திரையை நினைத்தால் போடுவார் என்பதை நீயே எழுதியிருக்கிறாய். அவர் போடும் மெட்ஃபார்மின் நாள்பட்டால் பி12 வைட்டமினைக் குறைக்கும், அதன் குறைவாலும் நரம்பு கெடும். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, பி12 இரண்டையும் இந்த வாரமே பார்க்கச் சொல். டாக்டரிடம் எரிச்சலை மட்டும் சொல்லாமல் செருப்பு கழன்ற கதையையும் சொல்லுங்கள், அவருக்கு அது முக்கியமான தகவல். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் இறங்கவில்லை என்றாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ டாக்டர் நேரம் வாங்கிக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம்.

ராத்திரி அப்பா படுத்த பிறகு டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும், விரல் இடுக்குகளையும் நன்றாகப் பார். முள்ளோ, கொப்புளமோ, கறுத்த காய்ப்போ இருந்தால் அவருக்கு வலிக்காது, அதனால் அவரைக் கேட்காதே, நீயே பார். பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு. எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா