ஒரே மாத்திரை எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்குமா?



இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரல் மாத்திரை கொடுப்பாங்க. கல்லீரலில் உள்ள ஒரு நொதி மாற்றித் தந்தால்தான் அது வேலை செய்யும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மந்தம். தவறாமல் சாப்பிட்டாலும் மருந்து சரியாகக் கேட்காது. 2010-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதை எச்சரித்தது. சி.ஒய்.பி.2சி19 என்ற மரபணுவைச் சோதித்தால் முன்பே தெரியும். மாற்று மருந்தும் உண்டு.

நாம் செய்ய வேண்டியது:

1. மாத்திரையை நாமா நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து.

2. நெஞ்செரிச்சலுக்குக் கடையில் ஒமிப்ரசோல் வாங்கிப் போடாதீங்க. அதுவும் அந்த நொதியைத் தடுக்கும்.

3. மறுபடி நெஞ்சு வலித்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

4. சோதனை தேவையா என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள்.