முகம் பார்த்துப் படம் எடுப்போம்

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த முகத்தை நிலைநிறுத்தி வைக்கும் வித்தை உலகத்தார் அறிய வெளியிடப்பட்ட நாள் 1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 19. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதிக்கும் முறையை டாகெர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டறிந்திருந்தார். அதன் விவரம் அன்று பாரிசில் வெளியிடப்பட்டது. உலகப் புகைப்பட நாள் ஆகஸ்டு 19இல் கொண்டாடப்படுவது இதனால்தான்.

தோழியரே! இன்று ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசிக்குள் ஒரு கேமரா இருக்கிறது. நாள்தோறும் படங்களை எடுத்துக் குவிக்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பாட்டியின் நல்ல படம் ஒன்று, அவர் ஒருவரே இருக்கும் படம், வீட்டில் உண்டா? பல வீடுகளில் ஆதார் அட்டையில் உள்ள சிறு படமும், யாருடைய கல்யாணத்திலோ கடைசி வரிசையில் நின்ற படமுந்தான் இருக்கும். அவர் மறைந்த பிறகு, அந்தக் கல்யாணப் படத்தின் மூலையை வெட்டிப் பெரிதாக்கித் தரும்படி ஸ்டுடியோவில் கேட்கிறோம். மங்கலான, நமக்கே அடையாளம் தெரியாத ஒரு முகம் சுவரில் மாலையோடு தொங்குகிறது. உயிரோடு இருக்கும்போதே ஒரு நல்ல படம் எடுத்திருக்கலாமே! அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சில விதிகளும் கொஞ்சம் பொறுமையும் போதும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஒளி

ஒளியே புகைப்படக்காரரின் தூரிகை. உச்சி வெயில் முகப் படத்துக்கு ஆகாது. தலைக்கு நேர் மேலிருந்து விழும் வெயிலில் கண்குழிகள் இருண்டுவிடும். மூக்கின் கீழே கறுப்பு மீசை போல நிழல் விழும். காலை இளவெயிலும் மாலை வெயிலும் நல்லவை. அவற்றைவிட நல்லது வீட்டுத் திண்ணை, தாழ்வாரம், மர நிழல் போன்ற இடங்களில் பரவி வரும் மென்மையான ஒளி.

வீட்டுக்குள் எடுப்பதானால் நேர் வெயில் படாத சன்னலைத் தேர்ந்தெடுங்கள். படம் எடுக்கப்படுபவரைச் சன்னலுக்குப் பக்கவாட்டில், இரண்டு மூன்று அடி தள்ளி உட்கார வையுங்கள். அறையின் மின்விளக்கை அணைத்துவிடுங்கள். இருவகை ஒளி கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும். நிழல் விழும் பக்கம் மிக இருண்டிருந்தால், அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியையோ தெர்மோகோல் பலகையையோ பிடிக்கச் சொல்லுங்கள். சன்னல் ஒளி அதில் பட்டுத் திரும்பி, நிழலை மெல்ல நிரப்பும்.

சரியான இடத்தில் அமர்த்திவிட்டோமா என்று எப்படி அறிவது? அவருடைய கண்களைப் பாருங்கள். சன்னலின் வெளிச்சம் கருவிழியில் ஒரு சிறு புள்ளியாக மின்ன வேண்டும். அந்தப் புள்ளி இல்லாத கண் உயிரற்றதாகத் தோன்றும்.

தூரம்

முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கேமராவை மூக்கருகே கொண்டுபோகக் கூடாது. அருகில் இருப்பது பெரிதாகவும் தொலைவில் இருப்பது சிறிதாகவும் தெரிவது இயல்பு. ஓர் அடி தூரத்தில் எடுத்தால் மூக்கு வீங்கியும் காதுகள் சுருங்கியும் காணப்படும். ஐந்து அல்லது ஆறு அடி தள்ளி நில்லுங்கள். பிலிம் காலத்துக் கலைஞர்கள் முகப் படத்துக்கு 85 முதல் 105 மில்லிமீட்டர் வரையுள்ள லென்சை விரும்பியதற்கு இதுவே காரணம். அந்த லென்சில் முகம் சட்டத்தை நிரப்ப வேண்டுமானால் இந்தத் தூரத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற காட்சியைப் பிடிப்பது. ஆகவே இரண்டு மடங்கு என்ற அளவை வைத்துக்கொண்டு பின்னால் நகருங்கள்.

கேமரா அவருடைய கண் மட்டத்தில் இருக்கட்டும். குழந்தையைப் படம் எடுப்பவர் முழங்காலிட வேண்டும். தரையில் அமர்ந்து காய் நறுக்கும் அம்மாவைப் படம் எடுப்பவர் தாமும் தரையில் அமர வேண்டும். மேலிருந்து எடுத்தால் ஆள் சிறுத்துப் போவார். குவியம் உங்களுக்கு அருகே இருக்கும் கண்ணில் விழட்டும். தலைக்குப் பின்னால் விளக்குக் கம்பமோ நாட்காட்டியோ முளைத்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கேமரா ஒளியை அளக்கும்போது, எதிரே உள்ள காட்சி முழுவதும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்கிறது. கறுத்த முகமுள்ள ஒருவர் வெள்ளைச் சுவர் முன் வெள்ளைச் சேலையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேமரா, “வெளிச்சம் மிகுந்துவிட்டது” என்று கணக்கிட்டுப் படத்தை இருட்டாக்கும். சுவர் சாம்பலாகும், முகம் கண்ணும் மூக்கும் தெரியாமல் மறையும். குற்றம் முகத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. கைப்பேசித் திரையில் அவருடைய முகத்தின் மீது விரலை வைத்தால் ஒளியை அங்கே அளக்கும். அதுவும் போதவில்லையென்றால், தோன்றும் சிறு சூரியக் குறியை மெல்ல உயர்த்துங்கள். சுவரும் உடையும் கொஞ்சம் வெளுத்தாலும் முகம் தன் உண்மை நிறத்தோடு வரும். இதைவிட எளிய வழி, நடுத்தர நிறமுள்ள பின்னணியைத் தேர்ந்தெடுப்பது.

இந்தக் குறை கேமராவின் கணக்கில் மட்டும் இருந்ததன்று. 1950களிலிருந்து பல்லாண்டுகள், வண்ணப் படம் அச்சிடும் ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் வெள்ளை நிறத்துப் பெண். அவருடைய தோலின் நிறம் சரியாக அமைந்தால் எல்லா நிறமும் சரி என்று கொண்டார்கள். கறுத்த முகங்களின் நுட்பமான சாயல்கள் அந்த அளவுகோலுக்குள் அடங்கவில்லை. பின்னாளில் பல நிறத்துப் பெண்களைக் கொண்ட மாதிரிப் படங்கள் வந்தன.

அளவுகோல் மாறினாலும் ஆசை மாறவில்லை. ஒரு முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கித் தருவதை ஸ்டுடியோக்கள் “டச்சப்” என்றன. கைப்பேசி “அழகுபடுத்தல்” என்கிறது. மாணவியரே, இந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். ஒருவரை வெளுப்பாக்கி அவரிடமே காட்டுவது, “நீ இருக்கிறபடி இருப்பது போதாது” என்று சொல்வதற்கு ஒப்பாகும். பாட்டியின் சுருக்கங்களையும் அழிக்காதீர்கள். அவற்றை அழித்தால் பாட்டியே அழிந்துபோவார்.

பேச்சு

“சிரியுங்கள்” என்று கட்டளையிட்டால் பல் தெரியும், சிரிப்பு வராது. முதல் பத்து நிமிடம் கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள். அவருடைய கைக்கு ஒரு வேலை கொடுங்கள். பூக்கட்டுபவர் பூக்கட்டட்டும், தையல்காரர் ஊசியில் நூல் கோக்கட்டும். தமக்குத் தெரிந்த வேலையைச் செய்யும்போது எவருக்கும் கூச்சம் அகலும். மூக்குக் கண்ணாடி அணிந்தவரைச் சற்றே தலைகுனியச் சொன்னால் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காது.

இரண்டு முன்னோடிகள்

“இதெல்லாம் பெண்களுக்கு எதற்கு?” என்று யாரேனும் கேட்டால், இரண்டு பெண்மணிகளை நினைவில் கொள்ளுங்கள்.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், அவருக்கு 48 வயதானபோது, மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாக அளித்தார்கள். இங்கிலாந்தில் தம் வீட்டுக் கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாகவும், நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். அறிஞர் ஹெர்ஷல், டார்வின், கவிஞர் டென்னிசன் ஆகியோரும், அவருடைய வீட்டுப் பணிப்பெண்களும் அவருடைய கேமரா முன் அமர்ந்தார்கள். படங்கள் தெளிவாக இல்லையென்று அக்காலத்து வல்லுநர்கள் குறை கூறினர். இன்றோ அவை உலகின் சிறந்த முகப் படங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. 1875இல் இலங்கையில் குடியேறி, அங்கு வாழ்ந்த மக்களையும் படம் எடுத்து, 1879இல் அங்கேயே மறைந்தார்.

ஹோமாய் வியாரவாலா 1913இல் குசராத்திலுள்ள நவசாரியில் பிறந்தார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படுபவர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவரின் பெயரில் வெளியாயின. சேலை உடுத்தி, கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு, சுதந்திரம் மலர்ந்த காலத்துத் தில்லியைப் படம் பிடித்தார். 2011இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. 2012இல் மறைந்தார்.

விழாவில் பங்கேற்பது

புகைப்படத்துக்கென்றே விழாக்கள் உண்டு. பிரான்சின் ஆர்ல் நகரில் 1970இல் தொடங்கப்பட்ட விழா உலகப் புகழ் பெற்றது. நம் சென்னையில் 2016இல் ‘சென்னை போட்டோ பியன்னாலே’ முதன்முறையாக நடைபெற்றது. 2019இல் நடந்தபோது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைமையான செனட் இல்லமும் ஒரு காட்சிக்கூடமாயிற்று. நான்காம் விழா 2024 டிசம்பரில் தொடங்கி 2025 மார்ச் வரை நடந்தது. “ஏன் படம் எடுக்கிறோம்?” என்பதே அதன் மையக் கேள்வி. இவற்றைத் தவிர, கல்லூரிகளிலும் ஊர்ச் சங்கங்களிலும் சிறு கண்காட்சிகள் நடக்கின்றன. முதலில் பார்வையாளராகச் செல்லுங்கள். ஒரு படத்தின் முன் ஐந்து நிமிடம் நின்று, ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்று கண்டுபிடியுங்கள். அது நூறு பாடங்களுக்குச் சமம்.

பின்பு படம் அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை:

1. விதிகளை இருமுறை படியுங்கள். தலைப்பு, படங்களின் எண்ணிக்கை, வயது வரம்பு, கடைசி நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல படமும் விதி மீறினால் தள்ளப்படும்.

2. அளவைக் கணக்கிடுங்கள். 12 அங்குலத்துக்கு 18 அங்குலம் என்ற அளவில் அச்சிட, அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் 2400க்கு 3600 புள்ளிகள் வேண்டும். அதாவது சுமார் 86 இலட்சம் புள்ளிகள். பல கைப்பேசிகள் இதைத் தரும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்து அதையே அனுப்புங்கள்.

3. படத்தின் கீழ் எழுதும் வரிகள் உண்மையாக இருக்கட்டும். “உழைப்பின் சிகரம்” என்று எழுதினால் அது எவருக்கும் பொருந்தும். “எங்கள் பள்ளி உணவுக்கூடத்தில் காலை ஆறு மணிக்கு அடுப்பு மூட்டுபவர்” என்றால் அது ஒருவருக்கே உரியது.

4. அனுமதி பெறுங்கள். “படம் எடுக்கலாமா?” என்பது ஒரு கேள்வி, “கண்காட்சியில் வைக்கலாமா? பெயர் போடலாமா?” என்பது வேறு கேள்வி. இரண்டையும் கேட்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவரானால் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். தோழியின் படத்தை அவளுடைய பெயர், தெரு, சீருடை எல்லாம் தெரியும்படி இணையத்தில் இடக் கூடாது. “வேண்டாம்” என்று ஒருவர் சொன்னால் கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் புன்னகையோடு வணக்கம் சொல்லுங்கள்.

போட்டிகளுக்கு வரும் முகப் படங்களில் ஒருவகை மிகுதி. பிச்சை கேட்டுக் கைநீட்டும் முதியவர், மூக்கொழுகும் சேரிக் குழந்தை ஆகியோரை எடுத்தால் பரிசு கிடைக்கும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அவர்களுடைய வறுமை நம் பரிசுக்கு முதலாகலாமா? ஓர் எளிய சோதனை சொல்கிறேன். இந்தப் படத்தை அச்சிட்டு அவருடைய கையிலேயே கொடுக்க உங்களால் முடியுமா? முடியுமென்றால் அனுப்புங்கள். கூச்சமாக இருந்தால் அனுப்ப வேண்டாம்.

விடுமுறைப் பயிற்சி

இந்த விடுமுறையில் ஐந்தே ஐந்து படங்கள் எடுங்கள். வீட்டு மூத்தவர் ஒருவர். அம்மா, அடுக்களைக்கு வெளியே. உங்கள் தெருவில் நாள்தோறும் உங்களுக்கு ஏதோ ஒன்றைச் செய்து தருபவர். பள்ளியில் நாம் பெயர் கேட்க மறந்த ஒருவர். இதுவரை தனியே படம் எடுத்துக்கொள்ளாத ஒருவர். ஐவருக்கும் நான்குக்கு ஆறு அங்குல அளவில் ஒரு பிரதி அச்சிட்டுக் கொடுங்கள். கைப்பேசியில் காட்டுவது போதாது. கைப்பேசி பழுதானால் படமும் போய்விடும். தாள் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும்.

அந்த ஐந்து பிரதிகளையும் கொடுத்துவிட்டு வந்த பிறகு, விழாவுக்கு எதை அனுப்புவது என்று யோசியுங்கள். பரிசு ஒருவருக்கோ இருவருக்கோதான் கிடைக்கும். தன் முகத்தைத் தானே கையில் ஏந்தி, “நானா இது?” என்று ஒரு முதியவள் கேட்கும் இன்பம், பொறுமையாகப் படம் எடுக்கும் எவருக்கும் கிட்டும்.