வலி இல்லாத நாளில் உட்கார்

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "தியானம் பண்ணினா தலைவலி போயிருமா அத்தை?" என்றாய். குக்கர் விசிலைச் சாக்காக வைத்து நழுவிவிட்டேன். இருபத்தெட்டு வருஷமாக ஒற்றைத் தலைவலியோடு குடும்பம் நடத்துகிறவள் சொல்கிறேன்: போகும் என்று நம்பி உட்காராதே. இரண்டாம் நாளே எழுந்துவிடுவாய்.

கோயங்கா கதை தெரியுமா உனக்கு? பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வியாபாரி. மார்ஃபின் ஊசி போடுகிற அளவுக்கு ஒற்றைத் தலைவலி. வெளிநாட்டு வைத்தியர்களிடம் போயும் தீராமல், 1955இல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் விபஸ்ஸனா தியானம் கற்கப் போனார். ஊ பா கின் சாமியார் இல்லை. அரசாங்கத்தின் அக்கவுன்டன்ட் ஜெனரலாக இருந்தவர். தலைவலி தீர வந்திருக்கிறேன் என்றதும், அதற்காக மட்டும் என்றால் சேர்த்துக்கொள்ள முடியாது என்றுவிட்டார். அந்த மறுப்பு எனக்கு விளங்கவே பல வருஷம் ஆனது. குறைந்ததா, குறைந்ததா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டிருப்பது, பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் காவல் நிற்கிற மாதிரிதான். அதில் தியானம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 89 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு எட்டு வார மனக்கவனப் பயிற்சியும் மறு பிரிவுக்குத் தலைவலி பற்றிய பாடமும் நடத்தி, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். தலைவலி நாள்கள் இரண்டு பக்கமும் குறைந்தன. தியானம் செய்தவர்களுக்குக் கூடுதலாகக் குறையவில்லை. ஆனால் வலியால் வேலை கெடுவது, மனச்சோர்வு, 'ஐயோ, என்ன ஆகப்போகிறதோ' என்ற பதற்றம் எல்லாம் அவர்களுக்குத்தான் அதிகம் தணிந்தன. எனக்கும் இதேதான். பொட்டில் குத்துவது இன்றும் குத்துகிறது. முன்பெல்லாம் அதோடு சேர்ந்து நாளைய சமையலும் அடுத்த வாரக் கல்யாணமும் குத்தும்.

அதனால், வலி இல்லாத நாளில் ஆரம்பி. பத்து நிமிஷம் போதும். சுவரில் சாய்ந்துகொள், நாற்காலி என்றாலும் சரி. வயிறு ஏறி இறங்குவதைக் கவனி. மனசு வேறெங்காவது ஓடினால் திட்டாமல் கூட்டிக்கொண்டு வா. பழகிய பிறகு, லேசாக வலிக்கிற நாளில் உட்காரலாம். எடுத்ததும் தலைக்குள் போகாதே. உள்ளங்காலில், உள்ளங்கையில் கவனத்தை வை. அப்புறம் மெதுவாக வலியைப் பார். துடிக்கிறதா, அமுக்குகிறதா, எந்த இடத்தில் முடிகிறது? வாந்தி வரும்போது சம்மணம் போட்டு வீரம் காட்டாதே. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டு இருட்டறையில் படு.

மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. உன் கைப்பையில் பாதி காலியான அட்டைகள் மூன்றைப் பார்த்தேன். பாரசிட்டமால் மாதிரியானவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலப்பு மாத்திரைகளையும் ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகையையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். நான் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவள். நீயாக நிறுத்திவிடாதே, வலித்த நாள், போட்ட மாத்திரை இரண்டையும் டைரியில் குறித்து நரம்பியல் டாக்டரிடம் காட்டு. திடீரென்று இடி விழுந்தாற்போல் வலித்தாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ தியானமாவது கத்தரிக்காயாவது, நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

திருமுடிவாக்கம் விபஸ்ஸனா மையத்தில் பத்து நாள் முகாமுக்குப் பேர் கொடுக்கப் போவதாகச் சொன்னாயே, இப்போது வேண்டாம். தினம் பத்து மணி நேரம் வாய் திறக்காமல் உட்காருவது முதல் படி இல்லை. டாக்டரைப் பார்த்த பிறகு யோசிக்கலாம்.

பொங்கலுக்கு வரும்போது அந்த டைரியை எடுத்து வா. மாடி அறை ஜன்னலுக்குக் கறுப்புத் திரை தைத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்குத் தாளிப்பு வாசனை மேலே வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அத்தை