இரண்டு பட்டம், நான்கு ஆண்டு: பெற்றோருக்கு எப்படி விளக்குவது?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். எங்களிடம் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு யூத மாணவருக்கு, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகமும் யூத இறையியல் செமினரியும் சேர்ந்து நடத்தும் இரட்டைப் பட்டப் படிப்பில் சேர ஆசை. பொருளாதாரமும் வேண்டும், தல்மூதும் (யூதச் சட்ட விளக்கநூல்) வேண்டும் என்கிறார். அப்பா, "ரப்பி ஆகப்போகிறாயா?" என்று கேட்கிறாராம். அம்மாவுக்குப் படிப்புச் சுமையும் பணமும் கவலை. இருவரும் என்னைப் பார்க்க வருகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
— வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அவர்களுடைய கவலை மூன்று: பிழைப்பு, சுமை, பணம். மூன்றையும் சேர்த்துப் பேசினால் அச்சம்தான் கூடும். ஒவ்வொன்றாக எடுங்கள்.

முதலில் அப்பாவின் கேள்வி. 1886-இல் தொடங்கிய அந்தச் செமினரி ரப்பிகளை, அதாவது யூத மதகுருக்களை, உருவாக்குவதற்குப் பேர்பெற்றது என்பதால் அவர் அப்படிக் கேட்பது இயல்பு. ஆனால் ரப்பி பயிற்சி அங்கே வேறு பள்ளி. இளங்கலை முடித்தபின் விரும்புகிறவர்கள் தனியாக விண்ணப்பித்துச் சேர்வது. உங்கள் மாணவர் சேரவிருப்பது லிஸ்ட் கல்லூரி என்ற இளங்கலைப் பிரிவு. கொலம்பியாவுடனான இந்த ஏற்பாடு 1950-களிலிருந்தே நடந்துவருகிறது. முடிவில் கையில் இருப்பவை இரண்டு முழுப் பட்டங்கள்: கொலம்பியாவில் பொருளாதாரம், செமினரியில் தல்மூது. பொருளாதாரத்துக்கான பாடங்களில் ஒன்றுகூடக் குறையாது. வேலைக்குப் போனாலும் சட்டம் படிக்கப் போனாலும் அந்தப் பட்டம் தனியாகவே நிற்கும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த மாணவர்கள் கொலம்பியாவில் சேர்வது 'ஜெனரல் ஸ்டடீஸ்' என்ற பள்ளியின் வழியாக. போரிலிருந்து திரும்பிய வீரர்களும் படிக்கட்டும் என்று 1947-இல் அமைத்த பள்ளி அது. வகுப்பறையும் பேராசிரியர்களும் மற்றக் கொலம்பியா மாணவர்களுக்கு உள்ளவையே. கட்டாயப் பாட விதிகள் மட்டும் கொஞ்சம் மாறும். இதைப் பெற்றோர் வேறு யாரிடமோ கேள்விப்பட்டால் எதையோ மறைத்துவிட்டதாக நினைப்பார்கள்.

யூதவியல் என்றால் பிரார்த்தனைப் பயிற்சி என்ற எண்ணம் இருந்தால் கெய்ரோ கெனிஸாவைப் பற்றிச் சொல்லுங்கள். பழைய கெய்ரோவின் யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்துகிடந்த தோல் ஏடுகளும் காகிதங்களும் அவை. அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்த சாலமன் ஷெக்டர்தான் 1902-இல் இந்தச் செமினரியின் தலைவரானார். செமினரி நூலகத்திலும் பெரிய கெனிஸா தொகுப்பு ஒன்று இருக்கிறது. கெனிஸா காகிதங்களில் திருமண ஒப்பந்தம் உண்டு, கடன் கணக்கு உண்டு, 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் இருந்து வணிகம் செய்த ஆபிரகாம் பென் யீஜு என்ற யூத வணிகரின் கடிதங்களும் உண்டு. பொருளாதாரம் படிக்கும் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான துணைப்படிப்பு எது?

அடுத்து சுமை. இதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மற்றவர்கள் செமஸ்டருக்கு நான்கைந்து பாடம் எடுக்கும்போது இவர் ஐந்தாறு எடுக்க வேண்டிவரும். இரண்டு வளாகங்களும் பிராட்வேயில் ஆறு தெரு இடைவெளியில் இருப்பதால் அலைச்சல் இல்லை, நேரம்தான் நெருக்கும். குடும்பம் யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளான சபாத்தை அனுசரிப்பதென்றால் வெள்ளி மாலை சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை எழுத்துவேலை கிடையாது. செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். செமினரிக்கு அப்போது விடுமுறை, கொலம்பியாவில் வகுப்பு நடக்கும். ஆகவே மாணவரையே உட்காரவைத்து, ஓர் அக்டோபர் வாரத்தை மணிவாரியாக எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பெற்றோர் முன் அவரே வைக்கட்டும். ஹீப்ரு நன்றாகத் தெரிந்திருந்தால் ஆரம்பநிலை மொழி வகுப்புகளைத் தாண்டிப் போகலாம். அது பெரிய நிம்மதி.

பணத்துக்கு வாய்வார்த்தை போதாது. நான்கு கேள்விகளை இரண்டு நிறுவனங்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்டணத்தை யாரிடம், எந்தக் கணக்கில் கட்டுவது? நிதி உதவியை இரண்டு இடத்திலும் தனித்தனியே கேட்க வேண்டுமா? ஓரிடத்து ஸ்காலர்ஷிப் வந்தால் மற்ற இடத்து உதவி குறையுமா? ஒன்பதாவது செமஸ்டர் தேவைப்பட்டால் உதவி தொடருமா? பதில் வரும் முன்பே 'ஃபாஃப்ஸா' படிவத்தை நிரப்பிவிடச் சொல்லுங்கள். அரசு உதவிக்கு அதுதான் வாசல்.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அதை மாணவரிடம் தனியாகக் கேளுங்கள்: "கொலம்பியா இல்லாவிட்டாலும் தல்மூது படிப்பாயா?" கொலம்பியாவுக்குள் நுழைய ஒரு வழி என்று மட்டும் நினைத்தால், இரண்டாவது பட்டம் அவருக்குத் தண்டனையாகிவிடும், அப்போது வேறு கல்லூரியை நீங்களே பரிந்துரையுங்கள். படிப்பேன் என்று தயங்காமல் சொன்னால், அதை அவர் வாயாலேயே பெற்றோர் கேட்கும்படி செய்யுங்கள். நீங்கள் கூட இருந்து கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்தால் போதும்.